ஊர்ப் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் வரப்போகுதுன்னா எதையெல்லாம் பாக்கணும், எதையெல்லாம் கேக்கணும்: அடிக்கடி வர்ற கேள்விகள்

கடலூர் மாவட்டத்துல நெய்வேலியச் சுத்தி இருக்கிற ஊருங்களையும், அரியலூர் தஞ்சாவூர் பக்கம் இந்தப் பேச்சு அடிபட்ட ஊருங்களையும் மனசுல வச்சு எழுதினது இது. சுரங்கம் வந்தா நம்ம ஊருக்கு என்ன ஆகும்ங்கிறத கம்பெனி ஒரு ரிப்போர்ட்டா எழுதிக் குடுக்கும், கவர்மென்ட் அத வச்சுத்தான் முடிவு எடுக்கும். அந்த ரிப்போர்ட்ட நாம எப்படிப் படிக்கிறது, அதுல இல்லாதத நாம எப்படிப் பதிவு பண்றதுங்கிறதுதான் இங்க முக்கியமான விஷயம்.

டெல்டா சுரங்கம்தான் 2023லயே கேன்சல் ஆயிடுச்சே, இப்ப எதுக்கு இதெல்லாம்?

கேன்சல் ஆனது ஏலம். 2023 மார்ச் கடைசில ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் போட்ட ஏலப் பட்டியல்ல நம்மூரு பிளாக் மூணு இருந்துச்சு: தஞ்சாவூர் மாவட்டத்துல வடசேரி, அரியலூர்ல மைக்கேல்பட்டி, கடலூர்ல கிழக்கு சேத்தியாத்தோப்பு. ஏப்ரல் 4ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு லெட்டர் எழுதினாரு, சட்டசபைலயும் பெருசா பேச்சாச்சு, 8ஆம் தேதி நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி அந்த மூணையும் ஏலத்துலேர்ந்து எடுத்துடறோம்னு சொல்லிட்டாரு. நல்லதுதான், ஆனா பட்டியல்லேர்ந்து எடுத்தா பூமிக்குள்ள இருக்கிற நிலக்கரி எங்கயும் போயிடாது, நாளைக்கு இன்னொரு பட்டியல் வரலாம்.

2020ல வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தையும் (மயிலாடுதுறை அப்ப நாகையோட இருந்துச்சு) கடலூர்லயும் புதுக்கோட்டையிலயும் சில ஒன்றியங்களையும் மட்டும்தான் சேர்த்துச்சு, அரியலூர் அதுல இல்ல. ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கிற தொழிலையும் அந்தச் சட்டம் தொடாது. நெய்வேலி சுரங்கங்களோட விரிவாக்கம் தனியா நடந்துக்கிட்டேதான் இருக்கு. அதனால உங்க ஊரு எந்த ஒன்றியத்துல வருது, எந்தச் சட்டத்துக்குள்ள வருதுன்னு முதல்ல பாத்து வச்சுக்கோங்க.

நெய்வேலில எடுக்கிறது நிலக்கரி இல்லயாமே?

பழுப்பு நிலக்கரி, லிக்னைட். கிட்டத்தட்ட பாதி எடை ஈரம்தான். அவ்வளவு ஈரத்தத் தூக்கிக்கிட்டு ரொம்ப தூரம் போனா கட்டுப்படியாகாது, அதனால சுரங்கத்துக்குப் பக்கத்துலயே அனல் மின் நிலையமும் வரும், அது வந்தா சாம்பல் குட்டையும் வரும். சுரங்கத்துக்கு ஒரு ரிப்போர்ட், பவர் பிளான்ட்டுக்கு ஒரு ரிப்போர்ட்னு தனித்தனியா போடுவாங்க, ரெண்டுலயும் அளவுக்குள்ளதான் இருக்குன்னு வரும். ஒரே ஊரு ரெண்டையும் சேர்த்துத்தான மூச்சு விடுது, ரெண்டையும் கூட்டிப் பாத்தா எவ்வளவு வருதுன்னு கேளுங்க.

அந்த ரிப்போர்ட்ட யாரு எழுதறாங்க?

2006ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதுக்கு அடிப்படை, சுருக்கமா இ.ஐ.ஏ.ன்னு சொல்லுவாங்க. பெரிய சுரங்கம்னா டெல்லில இருக்கிற நிபுணர் குழு முதல்ல என்னென்ன ஆய்வு பண்ணணும்னு ஒரு பட்டியல் குடுக்கும், அதுக்கப்புறம் அங்கீகாரம் வாங்கின ஒரு கன்சல்டன்சி வந்து ஆய்வு பண்ணி வரைவு அறிக்கை எழுதும், அதை வச்சு மக்கள் கருத்துக்கேட்பு நடக்கும், அது முடிஞ்சப்புறம் இறுதி அறிக்கை மறுபடி குழுக்குப் போகும். அந்த கன்சல்டன்சிக்குக் காசு குடுக்கிறது சுரங்கக் கம்பெனிதான், எனக்கு இதுதான் இந்த ஏற்பாட்டுலயே பெரிய குறையாத் தெரியுது. எல்லாரும் பொய் எழுதறாங்கன்னு நான் சொல்லல. ஆனா இந்தச் சுரங்கம் வேணாம்னு முடியற ரிப்போர்ட்ட காசு குடுத்து யாரு எழுதி வாங்குவா?

மகாராஷ்டிரால ரத்னகிரி பக்கம் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதின ரிப்போர்ட்ல ரஷ்யாவுல இருக்கிற சுரங்கத்தோட ரிப்போர்ட்லேர்ந்து பக்கம் பக்கமா எடுத்துப் போட்டிருந்தது வெளிய வந்து நாறிப்போச்சு. அதனால உங்க ஊரு ரிப்போர்ட் வந்தவுடனே செடி கொடி, பறவை பட்டியலப் பாருங்க. நம்ம பக்கத்துல இல்லாத மரம் இருக்கா, ஊரே முந்திரியும் பலாவுமா இருக்கிற எடத்துல அது விட்டுப்போயிருக்கான்னு பாத்தாலே எவ்வளவு தூரம் வயல்ல நடந்து எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சிடும்.

ரிப்போர்ட் எங்க கிடைக்கும்? இங்கிலீஷ்ல இருந்தா என்ன பண்றது?

கலெக்டர் ஆபீஸ், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட ஆபீஸ், இங்கெல்லாம் பொதுமக்கள் பாக்கிற மாதிரி வச்சிருக்கணும். கருத்துக்கேட்புக்குக் குறைஞ்சது 30 நாளுக்கு முன்னாடி பேப்பர்ல அறிவிப்பு வரணும். சுருக்கம் மட்டும் தமிழ்ல குடுத்தாப் போதும்னு விதி இருக்கு, முழு ரிப்போர்ட்டும் தமிழ்ல வேணும்னு எழுத்துல கேளுங்க, குடுக்கலன்னாலும் கேட்டதுக்கு ரசீது இருக்கும்.

ஆயிரம் பக்கம் இருக்கு, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

தண்ணிலேர்ந்து. நம்ம பக்கத்துல வேற எதவிடவும் இதுதான் பெருசு, இதக் கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

நெய்வேலில நிலக்கரி இருக்கிறதே தண்ணி தேடினப்பதான் தெரிஞ்சுது. 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல ஆழ்துளைக் கிணறு போட்டப்ப தண்ணியோட கருப்பா ஏதோ மேல வந்துச்சு, அதுலேர்ந்து ஆரம்பிச்சதுதான் 1956ல வந்த நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன், என்.எல்.சி. அந்த நிலக்கரிப் படுகைக்குக் கீழ பெரிய நிலத்தடி நீர்ப்படுகை இருக்கு, அதுல தண்ணி அழுத்தத்தோட அடைபட்டிருக்கு. துளை போட்டா மோட்டார் இல்லாமலே பொங்கி வர்ற போர் இந்தப் பக்கம் ஒருகாலத்துல சர்வசாதாரணம்.

சுரங்கம் தோண்டணும்னா இந்த அழுத்தத்தக் குறைச்சே ஆகணும், இல்லன்னா கீழேர்ந்து தண்ணி சுரங்கத்தோட தரையையே பொளந்துக்கிட்டு மேல வந்துடும். அதனால சுத்தி போர் போட்டு ராத்திரி பகலா தண்ணிய எறைச்சுக்கிட்டே இருக்கணும், 1960கள்லேர்ந்து அங்க அதுதான் நடக்குது. எறைக்கிற தண்ணில கொஞ்சம் பவர் பிளான்ட்டுக்குப் போகுது, கொஞ்சம் வாய்க்கால் வழியா வாலாஜா ஏரிக்கு வந்து பாசனத்துக்கும் ஆகுது, அதுல பயனடையற விவசாயிங்களும் இருக்காங்க, அத மறைச்சுப் பேசறது நியாயம் இல்ல. ஆனா அந்தப் படுகை சுரங்க வேலியோட நிக்காது, கடல் பக்கம் வரைக்கும் நீளுது. இங்க அழுத்தம் கொறஞ்சா தூரத்துல இருக்கிற ஊர்லயும் நீர்மட்டம் எறங்கும், கடலோரத்துல உப்பு உள்ள வருமாங்கிற பயமும் இருக்கு.

அதனால ரிப்போர்ட்ல இதத் தேடுங்க: ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி எறைப்பாங்க, எத்தன வருஷத்துக்கு, பத்து வருஷம் கழிச்சு நீர்மட்டம் எந்தெந்த ஊர்ல எத்தன மீட்டர் எறங்கும்னு மேப் போட்டிருக்காங்களா. பொதுவா சுரங்க எல்லையிலேர்ந்து 10 கிலோமீட்டர் தூரம் வரைக்கும்தான் ஆய்வுப் பகுதின்னு எடுப்பாங்க. அழுத்தத்துல இருக்கிற நீர்ப்படுகைக்கு 10 கிலோமீட்டர் போதுமான்னு ஒரு நிலத்தடி நீர் நிபுணர வச்சு எழுத்துல கேக்கணும். எந்த மாசத்துல அளந்தாங்கன்னும் பாருங்க. ஒரே ஒரு சீசன்ல மூணு மாசம் அளந்துட்டு வருஷம் பூரா இப்படித்தான்னு எழுதறது வழக்கம், ஐப்பசி கார்த்திகையில வெள்ளம் வர்ற மாவட்டத்துக்கும் சித்திரையில போர் காயற மாவட்டத்துக்கும் மூணு மாசக் கணக்கு எப்படிப் பத்தும்?

அப்புறம் ஆறு, ஓடை. பரவனாறு, வெள்ளாறு, செங்கால் ஓடை இதெல்லாம் எங்க திருப்பி விடறாங்க, மழைக்காலத்துல தோண்டின மண்மேட்டுலேர்ந்து வர்ற தண்ணி எந்த வயலுக்குப் போகும்னு உங்க ஊருக்காரங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், சாட்டிலைட் படத்துல அது தெரியாது.

இதுக்கெல்லாம் நாங்க என்ன ஆதாரம் காட்டறது?

இதுதான் நான் ஊர் ஊரா சொல்லணும்னு நெனைக்கிற விஷயம். சுரங்கம் வர்றதுக்கு முன்னாடி ஊரு எப்படி இருந்துச்சுங்கிறதுக்குக் கம்பெனிகிட்ட மட்டும் கணக்கு இருந்தா பின்னாடி எந்தக் கோர்ட்டுலயும் அதுதான் பேசும். அதனால இப்பவே ஆரம்பிங்க. ஒவ்வொரு தெருவுலயும் இருக்கிற போர், கிணறு எத்தன அடி ஆழம், மோட்டார் எத்தன அடியில தொங்குது, கோடையில எத்தன மணி நேரம் ஓடுதுன்னு ஒரு நோட்டுல தேதியோட எழுதுங்க. மாசம் ஒருக்கா நீர்மட்டம் அளந்து வைங்க, கயிறும் டேப்பும் போதும். தண்ணிய அரசு லேப்ல குடுத்து டெஸ்ட் ரிப்போர்ட் வாங்குங்க, உப்பு மட்டும் இல்ல, பாதரசம் மாதிரி உலோகத்துக்கும் பாக்கச் சொல்லுங்க. நெய்வேலியச் சுத்தி இருக்கிற ஊருங்கள்ல தண்ணி கெட்டிருக்குன்னு 2023ல பூவுலகின் நண்பர்கள்ங்கிற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு ஆய்வு வெளியிட்டப்புறம்தான் பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து கேஸ் எடுத்துச்சு. முன்ன எப்படி இருந்துச்சுன்னு ஊர்கிட்டயே கணக்கு இருந்திருந்தா அவ்வளவு காலம் ஆகியிருக்காது.

வயலப் பத்தின ஆதாரம் உங்க அடங்கல்தான். நெல்லு, கரும்பு, மல்லாட்டை, எது போட்டாலும் வி.ஏ.ஓ.கிட்ட சொல்லி அந்தந்தப் பருவத்துல அடங்கல்ல ஏத்துங்க. முப்போகம் வெளயற நிலத்த ரிப்போர்ட்ல தரிசுன்னோ ஒருபோகம்னோ எழுதியிருந்தா அத மறுக்க அது ஒண்ணுதான் கைல இருக்கும்.

தூசி, வெடி, வீட்டுல விரிசல்?

ஒரு டன் லிக்னைட் எடுக்க சுமாரா 5லேர்ந்து 7 கன மீட்டர் வரைக்கும் மேல்மண்ண அள்ளணும், அவ்வளவும் எங்கயாவது மலையாக் குவியும், காத்துல பறக்கும். காத்துல இருக்கிற நுண்தூசிக்கு 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதவிட நுண்ணிய 2.5 அளவு தூசிக்கு 60, இதத் தாண்டக்கூடாது. ரிப்போர்ட்ல உங்க ஊரு இப்பவே 90ன்னு காட்டியிருந்தா சுரங்கம் வந்தப்புறம் எப்படி நூறுக்குள்ள நிக்கும்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அளக்கிற மெஷின எங்க வச்சாங்கன்னும் பாருங்க, காத்து அடிக்கிற திசையில இருக்கிற ஊர விட்டுட்டு எதிர்ப்பக்கம் வச்சா எல்லாமே சுத்தமாத்தான் இருக்கும்.

நெய்வேலி மேல்மண்ணுல கெட்டியான மணற்கல் இருக்கு, அத வெடி வச்சுத்தான் இளக்குவாங்க. இப்பவே வீட்டுச் சுவத்தையெல்லாம் தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க.

பட்டா இல்லாதவங்களுக்கு என்ன கிடைக்கும்?

கூட்டத்துல அதிகம் பேசறது நிலம் வச்சிருக்கவங்கதான், அதிகம் எழக்கிறது நிலம் இல்லாதவங்க. நடவுக்கும் களையெடுப்புக்கும் போற பொம்பளைங்க, குத்தகைக்கும் வாரத்துக்கும் ஓட்டறவங்க, மேய்க்கால்ல ஆடு மாடு விடறவங்க, முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க, இவங்க யாரு பேரும் பத்திரத்துல இருக்காது. ஆனா 2013 நிலம் எடுப்புச் சட்டத்துல பாதிக்கப்பட்ட குடும்பம்ங்கிறதுக்குக் குடுத்திருக்கிற விளக்கத்துல, மூணு வருஷமா அங்க வேலை செஞ்சு அதையே நம்பிப் பொழைக்கிற விவசாயக் கூலிகளும் குத்தகைதாரர்களும் வர்றாங்க. அவங்களுக்கு மறுவாழ்வுப் பலன் உண்டு.

அதனால ரிப்போர்ட்ல பாதிக்கப்படற குடும்பம் இத்தனன்னு போட்டிருக்கிற எண்ணிக்கைல பட்டாதாரர மட்டும் எண்ணியிருக்காங்களான்னு பாருங்க. குத்தகைதாரர் உரிமைப் பதிவுக்கு 1969லயே சட்டம் இருக்கு, இருந்தும் பதிஞ்சவங்க கொறச்சல். சுரங்கப் பேச்சு வந்தப்புறம் பதியப் போனா நிலச் சொந்தக்காரரு சம்மதிக்கிறது கஷ்டம்தான், அதான் முன்னாடியே பண்ணணும்.

சமூகத் தாக்க மதிப்பீடுன்னு தனியா ஒண்ணு இருக்காமே, அது நடக்குமா?

2013 சட்டத்துல இருக்கு. நிலம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஊர்ல வந்து தனி ஆய்வு, மக்கள் கூட்டம் எல்லாம் உண்டு, பாசன நிலத்த கடைசி வழியாத்தான் எடுக்கணும்னும் சொல்லுது. ஆனா தமிழ்நாட்டுல தொழிலுக்குன்னு நிலம் எடுக்க 1997ல ஒரு சட்டம் இருக்கு, அந்த வழியில எடுத்தா இந்த ஆய்வு தேவை இல்லன்னு மாநில அரசு விலக்கு வாங்கி வச்சிருக்கு. 2019ல சென்னை ஹைகோர்ட் அத ரத்து பண்ணுச்சு, அரசு உடனே புதுசா சட்டம் போட்டு உயிர் குடுத்துச்சு, 2021ல சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வும் 2013 சட்டப்படி உண்டு, ஆய்வுதான் கெடையாது. எனக்கு இது ரொம்ப அநியாயமாப் படுது. ஒரு ஊரையே எடுக்கப் போறீங்க, அந்த ஊருக்கு என்ன ஆகும்னு ஒரு தடவ கேக்கக்கூடாதா?

அதனால நம்ம பக்கம் ஊரப் பத்திப் பேச இருக்கிற ஒரே எடம் இ.ஐ.ஏ. கருத்துக்கேட்புதான்னு ஆயிடுது. உங்க நோட்டிஸ்ல எந்தச் சட்டத்தோட பேரு இருக்குன்னு முதல்ல படிங்க.

நிலத்த எடுத்துட்டு வருஷக்கணக்கா சும்மா விட்டு வச்சிருந்தா நாங்க பயிர் வைக்கலாமா?

2023 ஜூலைல நெய்வேலி பக்கம் வளையமாதேவில நடந்தத எல்லாரும் டிவில பாத்தோம். என்.எல்.சி. பல வருஷம் முன்னாடி எடுத்த நிலம், விவசாயிங்க பயிர் வச்சுக்கிட்டே இருந்தாங்க, பரவனாற்றத் திருப்பற வாய்க்காலுக்குன்னு பொக்லைன் எறங்கி நின்ன நெல்லுப் பயிர அழிச்சுது. கேஸ் போனப்ப ஹைகோர்ட் வேதனைப்பட்டுப் பேசுச்சு, ஏக்கருக்கு 40,000 ரூபா இழப்பீடும் குடுக்கச் சொல்லுச்சு. பயிருக்குத்தான் அந்தக் காசு, நிலம் நிலம்தான், அது போயிடுச்சு. எடுத்த தேதி, உங்க கைலேர்ந்து சுவாதீனம் வாங்கின தேதி, இந்த ரெண்டு பேப்பரும் பத்திரமா வச்சுக்கோங்க. அஞ்சு வருஷம் பயன்படுத்தாத நிலத்தத் திருப்பிக் குடுக்கிறதப் பத்தி 2013 சட்டத்துல 101ஆவது பிரிவு இருக்கு, வக்கீல்கிட்ட அதக் கேளுங்க.

வேலை குடுப்பாங்களா?

எழுத்துல எத்தன பேருக்கு, நிரந்தரமா கான்ட்ராக்டா, எந்த வருஷத்துக்குள்ளன்னு இருந்தா நம்பலாம், முன்னுரிமை தரப்படும்ங்கிற வார்த்தைய நம்பாதீங்க. இது ராட்சத மெஷின் வச்சு அள்ளற சுரங்கம், நூத்துக்கணக்கான ஏக்கர்ல நாத்து நட்டு அறுத்தவங்க அத்தன பேருக்கும் அதுல எடம் கெடையாது. நெய்வேலில ஒப்பந்தத் தொழிலாளிங்க நிரந்தரம் கேட்டுப் போராடின வரலாறே பெருசு.

கருத்துக்கேட்புக் கூட்டத்துல எப்படிப் பேசணும்?

கோவம் வரும், வரட்டும். ஆனா கோஷம் மட்டும் போட்டு மேடைய ஒடச்சு கூட்டம் நின்னுடுச்சுன்னா பல நேரம் நடத்தி முடிச்சதா எழுதிடுவாங்க, இல்ல போலீஸ் கேஸ்தான் மிஞ்சும். சுரங்கம் வர்ற எடத்துலயோ ரொம்பப் பக்கத்துலயோதான் கூட்டம் நடக்கணும், கலெக்டரோ அவருக்குப் பதிலா ஒரு பெரிய அதிகாரியோ தலைமை தாங்கணும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், முழுசா வீடியோ எடுக்கணும். இத்தன பேரு வரணும்னு குறைஞ்சபட்சக் கணக்கு எதுவும் இல்ல, நீங்க போகலன்னாலும் கூட்டம் நடந்துடும். அதனால புறக்கணிப்ப நல்லா யோசிச்சுச் செய்யுங்க.

ஆளுக்கு ஒரு விஷயம் பிரிச்சுக்கோங்க, ஒருத்தர் தண்ணி, ஒருத்தர் ஏரி, ஒருத்தர் கூலிக்காரங்க கணக்கு, ஒருத்தர் பள்ளிக்கூடம், இப்படி. எந்தப் பக்கத்துல என்ன தப்புன்னு பக்க நம்பரோட சொல்லுங்க, அதையே எழுதி ரெண்டு காப்பி போட்டு ஒண்ணுல சீல் வாங்குங்க. பொம்பளைங்கள முன்னாடி உக்கார வைங்க, பேச விடுங்க, குடத்தத் தூக்கிக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் நடக்கப் போறது அவங்கதான். பேசினதோட சுருக்கத்த முடியறப்ப தமிழ்ல படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்னு விதி இருக்கு, அது வரைக்கும் யாரும் எழுந்து போகாதீங்க. நீங்க சொன்னது விட்டுப்போயிருந்தா அங்கயே சேக்கச் சொல்லுங்க.

கிராம சபைத் தீர்மானம் போட்டா நின்னுடுமா?

ஒடிசால நியம்கிரி மலைல பாக்சைட் எடுக்கிறதப் பத்தி கிராம சபைங்களே முடிவு பண்ணட்டும்னு சுப்ரீம் கோர்ட் 2013ல சொல்லுச்சு, கூடின 12 கிராம சபையும் வேணாம்னுச்சு, சுரங்கம் நின்னுச்சு. ஆனா அங்க பழங்குடி மக்களோட வன உரிமைச் சட்டம் பின்னாடி இருந்துச்சு. கடலூர் சமவெளில அந்த மாதிரி வீட்டோ கெடையாது, யாராவது தீர்மானம் போட்டாலே நின்னுடும்னு சொன்னா அது உண்மை இல்ல. ஆனாலும் போடுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த ஆறு நாளும் கிராம சபை கூடும், போர் கணக்கு, ஏரி விவரம் எல்லாத்தையும் தீர்மானத்துலயே எழுதி ஏத்திட்டா அது அரசு ஆவணம் ஆயிடும்.

தோண்டி முடிச்சப்புறம் மூடி நிலத்தத் திருப்பிக் குடுப்பாங்களா?

மூடறதுக்குன்னு திட்டமும், அதுக்கு எஸ்க்ரோ அக்கவுன்ட்ல (இதுக்குன்னே ஒதுக்கி வைக்கிற தனிக் கணக்கு) பணமும் போட்டு வைக்கணும், அது கட்டாயம். நெய்வேலில மண்மேட்டுல மரம் வச்சிருக்காங்க, பயிரும் வச்சுக் காட்டியிருக்காங்க. ஆனா மேல்மண்ணத் தனியா எடுத்து வச்சு மறுபடி மேலயே பரப்பினாத்தான் அது வயலு, இல்லன்னா அடியில இருந்த களியும் மணலும் மேல வந்துடும். கடைசில எவ்வளவு பெரிய பள்ளம் மூடாம மிஞ்சும்னு ரிப்போர்ட்ல ஒரு கணக்கு இருக்கும், அதப் பாருங்க.

அப்ப உங்களுக்கு கரண்டு வேணாமா?

வேணும். நெய்வேலி கரண்டுல இந்த மாநிலமே ஓடியிருக்கு, ஊரக் குடுத்தவங்களும் அதுல பெருமப்பட்டிருக்காங்க. அதுக்காக எழந்தது எவ்வளவுன்னு ஒழுங்கா எண்ணுங்கன்னுதான் கேக்கறோம். 1950கள்ல குடுத்தவங்களோட பேரப்பிள்ளைங்க இன்னும் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துக்கிட்டிருக்கறப்ப அடுத்த ஊரு சந்தேகப்படறதுல என்ன தப்பு?

அனுமதி குடுத்துட்டாங்க, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும், ஆனா நாள் ஓடும். சுற்றுச்சூழல் அனுமதி குடுத்ததுலேர்ந்து 30 நாளுக்குள்ள பசுமைத் தீர்ப்பாயத்துல மேல்முறையீடு போடலாம், சரியான காரணம் இருந்தா இன்னும் 60 நாள் வரைக்கும் ஏத்துக்கலாம், அதுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் கஷ்டம். ரிப்போர்ட்ல வேணும்னே மறைச்சிருந்தாலோ பொய்த் தகவல் குடுத்திருந்தாலோ அனுமதியையே ரத்து பண்ணலாம்னு அதே 2006 அறிவிக்கைல இருக்கு. அனுமதி லெட்டர்ல போட்ட நிபந்தனைங்கள காப்பாத்தறாங்களான்னு கம்பெனி வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிக்கு அறிக்கை குடுக்கணும், அது பொது ஆவணம். வாங்கிப் பாருங்க, கிடைக்கலன்னா ஆர்.டி.ஐ. போடுங்க. அதுல உங்க ஊரு கிணத்து நீர்மட்டம்னு ஒரு எண்ணு இருக்கும், உங்க நோட்டுல அதே மாசத்துக்கு எழுதி வச்சிருக்கிற எண்ணோட வச்சுப் பாருங்க, வித்தியாசம் இருந்தா ரெண்டையும் சேத்து வாரியத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் பதிவுத் தபால்ல அனுப்புங்க.